'அவர்கள்' வீட்டுச் செய்தியா?

நுழையும்முன்

வீடு என்பது பாதுகாப்பின் மறுபெயர் என்றே நாம் எண்ணுகிறோம். அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவர் அஞ்சி வாழ நேர்ந்தால், அதைப் பற்றிப் பேசவேண்டியவர் யார்? பாதிக்கப்பட்டவர் மட்டுமா? பார்த்துக்கொண்டிருப்பவருமா? ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஒன்றை முன்வைத்து, இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

சுவருக்கு அப்பால்

மயிலாப்பூரின் மாடவீதிகளை அடுத்த சந்து ஒன்றில், ஒண்டுக்குடித்தன வீட்டில் என் இளமைப் பருவம் கழிந்தது. ஆறு குடும்பங்கள், ஒரே வாயில், ஒரே கிணறு, ஒரே முற்றம். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மற்ற ஐந்து வீடுகளுக்கும் அந்த மணம் சென்றுவிடும். அவ்வளவு நெருக்கத்திலும் ஒரு பெண்ணின் அழுகை மட்டும் எவர் செவிக்கும் எட்டாமலே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் முற்றத்தை ஒட்டிய வீட்டிலிருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அனைவரும் கூடுவோம். சென்னைத் தொலைக்காட்சியில் 'ஒலியும் ஒளியும்' ஒளிபரப்பாகும் நேரம் அது. அத்தகைய மாலை ஒன்றில், கடைசி வீட்டிலிருந்து பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. அதையடுத்து ஓர் அலறல் எழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்தார். உதவி செய்யத்தான் செல்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார்.

மறுநாள் காலை கிணற்றடியில் அந்த வீட்டு அக்காவின் நெற்றி வீங்கியிருந்தது. "வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். "பார்த்து நடக்கக் கூடாதாம்மா?" என்றார் ஒரு பாட்டி. அவர் விழவில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. "அது அவங்க வீட்டு விவகாரம்" என்பதே அந்த முற்றம் எனக்குக் கற்பித்த பாடம்.

'அவர்கள்' என்பது படர்க்கைச் சொல் என்று நாம் இலக்கணத்தில் படிக்கிறோம். பேசுவோரும் கேட்போரும் அல்லாத பிறரைக் குறிப்பது படர்க்கை. அடுத்த வீட்டாரின் துன்பத்தை அச்சொல்லுக்குள் வைத்துவிட்டால், அதில் நமக்குப் பங்கில்லை என்றாகிவிடுகிறது. அந்த எண்ணம் சரிதானா என்று என்னைப் பின்னாளில் கேட்கவைத்தது ஒரு திரைப்படம். அதன் பெயரும் 'அவர்கள்' என்பதே.

ஒரு பெண்ணின் கதை

கே. பாலசந்தர் எழுதி இயக்கிய 'அவர்கள்' 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே மேடை நாடகங்களைப் படைத்து, அங்கிருந்து திரைத்துறைக்கு வந்தவர் பாலசந்தர். மயிலாப்பூரில் வாழ்ந்தவர். சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் எதைக் கூடத்தில் பேசும், எதைச் சமையலறைக்குள் மறைக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கதைத்தலைவி அனுவாகச் சுஜாதா நடித்தார். பரணி என்னும் இளைஞனை விரும்பியவள் அனு. சூழ்நிலையால் அவனைப் பிரிந்து இராமநாதனை மணக்கிறாள். இராமநாதனாக நடித்தவர் ரஜினிகாந்த். அவன் குடித்துவிட்டுத் தெருவில் புரள்பவன் அல்லன், படித்தவன், பதவியில் இருப்பவன், ஊரார் மதிக்கத்தக்க தோற்றம் உடையவன். ஆனால், மனைவியின் மனத்தை நோகச்செய்வதில் இன்பம் காண்பவன். அவனிடமிருந்து மணமுறிவு பெற்று, கைக்குழந்தையுடன் சென்னையில் வேலை பார்த்துத் தனியே வாழத் தொடங்குகிறாள் அனு. உடன் பணியாற்றும் ஜனார்த்தனன் அவளிடம் சொல்லாத அன்போடு பழகுகிறான். பேசும் பொம்மையைக் கையில் வைத்திருக்கும் அப்பாத்திரத்தை ஏற்றவர் கமல்ஹாசன். பழைய காதலன் பரணியும் மீண்டும் அவள் வாழ்வில் எதிர்ப்படுகிறான். புதிய வாழ்வு ஒன்று அவளுக்கு அமையும் வேளையில், திருந்தியவன்போல் இராமநாதன் திரும்பி வருகிறான்.

இக்கதை ஒரு மாநிலத்தாருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. பாலசந்தரே இதனை 1979ஆம் ஆண்டு 'இதி கத காது' என்னும் பெயரில் தெலுங்கில் எடுத்தார். அனுவின் இடத்தில் ஜெயசுதாவும், கொடிய கணவனாகச் சிரஞ்சீவியும் நடித்தனர்.

அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

கணவன் அறைந்ததும் மனைவி திருந்திவிடுவதாகக் காட்டிய படங்கள் தமிழில் பல உண்டு. அரங்கில் அக்காட்சிகளுக்குக் கைதட்டலும் கிடைத்ததுண்டு. 'அவர்கள்' அந்தப் பாதையில் செல்லவில்லை. கொடுமையின் இரண்டு இயல்புகளை அது தெளிவாகக் காட்டியது.

கொடுமைக்குக் கை ஓங்கவேண்டிய தேவையில்லை என்பது முதலாவது. இராமநாதனின் ஆயுதம் சொல், ஐயம், ஏளனம், சிரித்துக்கொண்டே செய்யும் அவமதிப்பு. உடலில் காயம் இருந்தால் அதை மற்றவரிடம் காட்டலாம். "என் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் முறை எனக்கு அச்சமூட்டுகிறது" என்று எவரிடம் சென்று முறையிடுவது? சொன்னால் எவர் நம்புவார்? வெளியுலகுக்கு நல்லவனாகத் தோன்றுபவனிடம் அகப்பட்டவருக்குச் சான்று கிடைப்பதே அரிது.

கொடுமையைவிட, அதன்பின் வரும் கனிவுக்கு வலிமை மிகுதி என்பது இரண்டாவது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அணைப்பு வந்துவிட்டால் அடி மறந்துபோகவேண்டும் என்பதே அதன் உட்பொருள். இராமநாதன் மீண்டும் வந்து காட்டும் பணிவு, அனு தேடிக்கொள்ளவிருந்த வாழ்வைக் குலைப்பதற்கான வழியாகவே அமைகிறது. அவளை ஆட்டிப்படைக்கும் உரிமையை இழக்க அவன் விரும்பவில்லை. அதனால் வருந்துவதுபோல் நடிக்கிறான்.

இப்படம் வெளிவந்து ஈராண்டு சென்றபின், 1979இல், அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் கணவரால் துன்புற்ற பெண்களைப் பற்றி எழுதிய நூலில் இதே நிலையை ஒரு சுழற்சியாக விளக்கினார். முதலில் வீட்டில் இறுக்கம் வளர்கிறது. பின் அது வன்முறையாக வெடிக்கிறது. அதன்பின் மன்னிப்பும் பரிசும் கண்ணீரும் வருகின்றன. சில நாள்கள் அமைதி நிலவுகிறது. மீண்டும் இறுக்கம் தொடங்குகிறது. எல்லா வீடுகளிலும் இது இவ்வாறே நிகழும் என்று கூற இயலாது. ஆயினும், "இவ்வளவு துன்பப்பட்டும் ஏன் அவள் வெளியேறவில்லை?" என்று எளிதாகக் கேட்போருக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. அவர் காத்திருப்பது அடிக்காகவன்று. அமைதியான அந்தச் சில நாள்களே நிலைத்துவிடும் என்ற நம்பிக்கைக்காக.

திரைக்கு வெளியே சட்டம்

படம் வெளிவந்த காலத்தையும் கருத்தில் கொள்ளவேண்டும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி, கணவனின் கொடுமையைக் காரணமாகக் காட்டி நீதிமுறைப் பிரிவு மட்டுமே பெற முடிந்தது. மணமுறிவு பெற இயலவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் கொடுமையை மணமுறிவுக்கு உரிய காரணமாக ஏற்றது. இருவரும் இசைந்து பிரியும் வழியையும் அத்திருத்தமே வகுத்தது. அதற்கு அடுத்த ஆண்டில் திரையில் தோன்றியவள் அனு. மணமுறிவு என்னும் சொல்லையே பல குடும்பங்கள் தாழ்ந்த குரலில் உச்சரித்த காலம் அது.

பின்னர்ச் சட்டம் மேலும் சில அடிகள் வைத்தது. கணவனோ அவனுடைய உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமை, உடலுக்கு இழைத்தாலும் உள்ளத்துக்கு இழைத்தாலும் குற்றமாகும் என்று கூறும் 498அ பிரிவு 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் கருத்து 85, 86 ஆகிய பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது.

குற்றவாளியைத் தண்டிப்பதால் மட்டும் ஒரு பெண்ணின் அன்றிரவு பாதுகாப்பானதாகிவிடாது. இவ்வுண்மையை உணர்ந்து இயற்றப்பட்டதே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல்சார்ந்த வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் உணர்வாலும் இழைக்கும் வன்முறை, பொருளாதார வன்முறை என நான்கையும் இச்சட்டம் வன்முறையாகவே கொள்கிறது. ஊதியத்தைப் பறித்துக்கொள்வதும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வருத்துவதும், வேலைக்குச் செல்லவிடாமல் தடுப்பதும் இனி 'கண்டிப்பு' என்னும் பெயரில் ஒளிந்துகொள்ள இயலாது. வீடு எவர் பெயரில் இருப்பினும், அதில் வாழ்ந்துவந்த பெண்ணை வெளியேற்றிவிடாமல் இச்சட்டம் காக்கிறது. மனைவிக்கு மட்டுமன்றி, தாய்க்கும் உடன்பிறந்தவளுக்கும் அது துணை நிற்கிறது.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவு நாம் அனைவரும் அறியவேண்டியது. ஒரு வீட்டில் குடும்ப வன்முறை நிகழ்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், எவர் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்கிறது அது. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்றும் உறுதியளிக்கிறது. 'எவர் வேண்டுமானாலும்' என்பதில் அடுத்த வீட்டாரும் அடங்குவர். முற்றத்தில் அமர்ந்திருந்தோரும் அடங்குவர். "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று நாம் சொல்லிவந்ததைச் சட்டம் மறுத்துவிட்டது.

தெரியுமா?

பெண்களுக்கான உதவி எண்: 181. குழந்தைகளுக்கான உதவி எண்: 1098. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இயங்குபவை. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உள்ளார். பெண்கள் தம் வருமான அளவைக் கருதாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவசச் சட்ட உதவி பெறலாம்.

மாமியாரின் தேர்வு

மீண்டும் படத்துக்கு வருவோம். அதில் என்னைப் பெரிதும் கவர்ந்த பாத்திரம் அனுவோ ஜனார்த்தனனோ அல்லர். லீலாவதி ஏற்ற மாமியார் பாத்திரம். தமிழ்த் திரையில் மாமியார் என்றாலே மருமகளை வாட்டுபவர் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. இந்த மாமியாரோ தம் மகன் செய்த தீங்கை உணர்கிறார். மகனுக்காக வாதாடவில்லை. "ஆம்பிளைன்னா அப்படித்தான் இருப்பான்; நீதான் பொறுத்துப் போகணும்" என்று கூறவில்லை. மருமகளின் இல்லம் தேடி வந்து, பேரக்குழந்தையைப் பேணும் பணியை ஏற்கிறார். இறுதியில் எந்த ஆணையும் சாராமல் புதிய வாழ்வை நோக்கி அனு புறப்படும்போது, அவளுக்குத் துணையாக உடன் செல்பவரும் இவரே.

குருதி உறவைவிட நியாயம் பெரிது என்று ஒரு தாய் முடிவு செய்வது எளிதன்று. வன்முறை நிகழும் வீட்டில் பெரும்பாலும் மூவகையினர் உள்ளனர்: துன்புறுத்துபவர் ஒருவர், துன்புறுபவர் ஒருவர், இரண்டையும் அறிந்த பிறர். முதலாமவர் எளிதில் மாறமாட்டார். இரண்டாமவரால் பல நேரங்களில் வாய் திறக்கவே இயலாது. எனவே, அந்த வீட்டில் என்ன நிகழப்போகிறது என்பது மூன்றாம் வகையினரின் கையில்தான் பெரிதும் இருக்கிறது. அவர்கள் ஒலியைக் கூட்டுகிறார்களா, கதவைத் தட்டுகிறார்களா என்பதே வினா.

படத்தின் குறையும் பிறர் மறுப்பும்

படத்திலும் ஒரு குறை உண்டு. இராமநாதனை இயல்புக்கு மாறான கொடியவனாக அது சித்திரிக்கிறது. அவனைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஆண், "நான் இவனைப் போன்றவன் அல்லன்" என்று நிறைவு கொள்ள முடியும். உண்மை அவ்வளவு ஆறுதல் தருவதாக இல்லை. 2019–21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரால் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்துள்ளனர். இந்திய அளவில் இது ஏறத்தாழ 29 விழுக்காடு. எழுத்தறிவிலும் பெண்கல்வியிலும் முன்னிற்கும் மாநிலம் நம்முடையது. எனினும் இவ்வளவில் இந்திய நிலையைவிட மிகுந்து நிற்கிறது. பத்தில் நால்வர் என்னும் அளவில் நிகழ்வதை ஒருசில கொடியவர்களின் செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அது நம் பழக்கத்தில் கலந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

"இவ்வாறெல்லாம் பேசினால் குடும்பங்கள் உடைந்துவிடும்" என்று கவலைப்படுவோர் உள்ளனர். குடும்பம் நிலைக்கவேண்டும் என்னும் அவர்களுடைய விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால், ஒருவர் அஞ்சி நடுங்க, மற்றவர் ஆள, வெளியே ஒன்றாகத் தோன்றும் குடும்பம் முன்னரே உடைந்துவிட்டது. அதை உரக்கச் சொல்பவர் உடைத்தவர் ஆகார்.

"சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டே" என்பது மற்றொரு மறுப்பு. எச்சட்டத்துக்கும் அந்த இடர் உண்டு. இதனை நீதிமன்றங்களும் கருத்தில் கொண்டுள்ளன. 498அ பிரிவின்கீழ் முறையீடு வந்தவுடன் இயந்திரத்தனமாகக் கைது செய்யலாகாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. பொய்யான முறையீட்டை விசாரணையால் களையலாம். சொல்லப்படாத உண்மையை எந்த விசாரணையாலும் காண இயலாது.

போவதற்கு ஓர் இடம்

துன்புறும் பெண்ணுக்கு நாம் "வெளியே வா" என்று அறிவுரை கூறலாம். "வந்தபின் எங்கே போவேன்?" என்று அவர் கேட்டால் விடை வேண்டும். அனுவுக்கு வேலை இருந்தது. தங்குவதற்கு வீடு இருந்தது. அதனால் வெளியேற முடிந்தது. அந்த வசதி இல்லாதவருக்கு என்ன வழி? நூறாண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவை எழுப்பிய பெண்கள் இதே சென்னையில் வாழ்ந்தனர்.

இளமையிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற குழந்தைக் கைம்பெண்களுக்காக 1912இல் சாரதா இல்லத்தைத் தொடங்கினார். தங்க இடமும் கற்கக் கல்வியும் அங்குக் கிடைத்தன. அவர் உருவாக்கிய சாரதா வித்தியாலயம் இன்று தியாகராய நகரில் இயங்குகிறது. 1917இல் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் தோன்றியது. சென்னைச் சட்டமன்றத்துக்கு 1927இல் சென்ற மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்களுக்காக நிறுவிய அவ்வை இல்லம் அடையாற்றில் இன்றும் உள்ளது. துர்காபாய் தேஷ்முக் சென்னையில் வளர்த்த ஆந்திர மகிளா சபா, பெண்களுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் வழங்கியது. இவற்றின் தொடர்ச்சியாகவே, தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் ஆயிரம் விளக்குப் பகுதியில் திறக்கப்பட்டதையும் காணவேண்டும்.

கைம்மையால் ஒதுக்கப்பட்டவர், பழைய வழக்கங்களால் ஒடுக்கப்பட்டவர், கணவரின் கொடுமையால் வெளியேறியவர் என இவர்களின் துன்பங்கள் வெவ்வேறானவை. ஆயினும், அனைவருக்கும் வேண்டியது ஒன்றே: தட்டினால் திறக்கும் ஒரு கதவு. அந்தக் கதவுகளைத் திறந்த பெண்மணிகள், பிறர் துயரைப் 'பிறர் துயர்' என்று விட்டுவிடவில்லை.

நாம்

மாணவர்களே, உங்களில் சிலருக்கு இக்கட்டுரை ஒரு திரைப்படத்தைப் பற்றியதாக இருக்கலாம். வேறு சிலருக்கு உங்கள் வீட்டைப் பற்றியதாகவே இருக்கலாம். அவ்வாறாயின் முதலில் ஒன்றை உறுதியாக அறிந்துகொள்ளுங்கள்: அது உங்கள் தவறன்று, உங்கள் தாயின் தவறும் அன்று. நீங்கள் நம்பும் ஆசிரியர் ஒருவரிடமோ உறவினரிடமோ சொல்லுங்கள். சொல்வதால் குடும்பத்தின் மானம் போய்விடாது.

மற்றவர்களுக்கும் கடமை உண்டு. சண்டைக்கு நடுவே தனியே பாய்வது வீரமன்று. அது ஆபத்தாகவும் முடியலாம். ஆனால், அழுத கண்களுடன் வகுப்புக்கு வரும் தோழியிடம் "என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம். அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கலாம், நம்பலாம், அதை ஊர்ப்பேச்சாக்காமல் காக்கலாம். உதவி எண்ணை அவளுக்குத் தெரிவிக்கலாம். பெரியவர் ஒருவரிடம் அவளுடன் செல்லலாம். "உங்கம்மா என்ன செஞ்சாங்க, அப்பா அடிச்சதுக்கு?" என்று மட்டும் கேட்கலாகாது. அடிக்குக் காரணம் தேடும் கேள்வி, அடித்தவரின் பக்கம் நிற்கும் கேள்வியாகும். நாளை நீங்கள் கணவராக, மனைவியாக, மாமியாராக, அடுத்த வீட்டாராக இருப்பீர்கள். அந்நாளில் எப்பக்கம் நிற்பது என்பதை இன்றே எண்ணிப் பாருங்கள்.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன. 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கும். 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையே சுவர் இருக்கிறது. 'நாம்' என்று சொல்லத் தொடங்கும்போது அச்சுவரில் ஒரு வாயில் திறக்கிறது.

என் வகுப்பில் படித்த அந்தச் சிறுமியின் குடும்பம் மறு ஆண்டே வேறிடம் சென்றுவிட்டது. அவளிடம் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி மிகச் சிறியது: "நேத்து ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரல?" ஆசிரியப் பணிக்கு வந்தபின் இக்கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் எவரிடமேனும் கேட்டுவருகிறேன். சில நேரங்களில் "காய்ச்சல், ஐயா" என்று மட்டும் விடை வரும். சில நேரங்களில், தலைகுனிந்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, அந்தப் பிள்ளை பேசத் தொடங்கும்.